கேள்வியோடு போனவர்கள்

(சிதம்பரத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம். மேடையில் இடையிடையே சொன்ன சில செய்திகள் இங்கே குறைக்கப்பட்டுள்ளன.)



'அயல்நாட்டில் மொழி கற்கும் மாணவர்' என்று அழைப்பிதழில் தலைப்பு அச்சாகியிருக்கிறது. இந்தத் தலைப்பில் விசாவைப் பற்றிப் பேசலாம். உதவித்தொகை, விடுதி வாடகை, மொழித் தேர்வின் படிநிலைகள் என்று ஒரு மணி நேரத்தை ஓட்டிவிடலாம். அவற்றைச் சொல்லித்தர இன்று ஊருக்கு நான்கு முகவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்லாத ஒன்றைப் பற்றி மட்டும் பேச வந்திருக்கிறேன்.

வெளிநாடு போகிற எல்லாரும் அந்த நாட்டு மொழியைக் கற்றுத் திரும்புவதில்லை. இரண்டு ஆண்டு இருந்துவிட்டு, காய்கறி வாங்கவும் வழி கேட்கவும் மட்டும் தெரிந்துகொண்டு வருகிறவர்கள் உண்டு. அதே இரண்டு ஆண்டில் அந்த மொழியின் பழைய ஏடுகளைப் படிக்கிற அளவுக்குத் தேறியவர்களும் உண்டு. இந்த வேறுபாட்டுக்குத் திறமை, வயது, பணம் என்று பல காரணம் சொல்வார்கள். என் கட்சி வேறு. புறப்படும்போதே ஊரிலிருந்து ஒரு கேள்வியைக் கொண்டுபோனவருக்கு மொழி வந்துவிடுகிறது. கேள்வி இல்லாமல் போனவருக்குச் சான்றிதழ்தான் வருகிறது.

எடுத்துக்காட்டாக ஸ்பானிய மொழியையும் அதன் உடன்பிறப்பான போர்த்துக்கீசியத்தையும் வைத்துக்கொள்கிறேன். இருபது நாடுகளில் ஆட்சிமொழியாக இருப்பது ஸ்பானியம். ஏறத்தாழ 50 கோடிப் பேருக்குத் தாய்மொழி. ஆனால் நான் அதைத் தேர்ந்ததற்கு இந்த எண்ணிக்கை காரணமன்று. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். அது இந்த மண்டபத்திலிருந்து நடந்துபோகிற தூரத்தில் இருக்கிறது.

1.

முதலில் எதிர்த்திசையில் வந்தவர்களைப் பார்ப்போம். 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்தவர் பிரான்சிஸ் சவேரியார். ஸ்பெயினின் நவார்ப் பகுதியில் பிறந்தவர், பாரிஸில் படித்தவர். தமிழ் தெரிந்தவர்களை உடன் வைத்துக்கொண்டு செபங்களைத் தமிழாக்கி, அவற்றை மனப்பாடம் செய்து, ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு போனார். அவருடைய வேலைக்கு அது போதுமாக இருந்தது. தமிழ் அவருக்குக் கடைசிவரை கைவரவில்லை.

நான்கு ஆண்டு கழித்து இந்தியாவுக்கு வந்தார் அன்றிக்கே அடிகளார் என்று நாம் அழைக்கும் போர்த்துக்கீசியர் அன்றீக்கே அன்றீக்கசு. அவர் மனப்பாடத்தோடு நிற்கவில்லை. இந்த வினைமுற்று ஏன் இப்படி முடிகிறது, இந்த வேற்றுமைக்கு லத்தீனில் எது ஈடு என்று கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டே போனார். அதன் விளைவாக ஐரோப்பியர் ஒருவர் எழுதிய முதல் தமிழ் இலக்கணம் உருவாயிற்று. அவரே தமிழாக்கி, 1578 அக்டோபர் 20-இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' 16 பக்கம். இந்திய மொழி எழுத்தில் இந்த மண்ணில் அச்சேறிய முதல் நூல் என்ற பெருமை அதற்குரியது. அந்த இலக்கணக் கையெழுத்துப் படி லிஸ்பன் தேசிய நூலகத்தில் இருக்கிறது. அதை ஜீன் ஹெயினும் வி.எஸ். ராஜமும் ஆங்கிலமாக்கி 2013-இல் ஹார்வர்டு கீழைத்தேய வரிசையில் வெளியிட்டார்கள்.

இருவரும் ஒரே கரையில் நடந்தவர்கள், இயேசு சபை என்ற ஒரே சபையினர், ஒரே வகைப் பயிற்சி பெற்றவர்கள். ஒருவருக்குத் தமிழைப் பற்றியே கேள்வி இருந்தது. மற்றவருக்கு அது இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்னொரு செய்தியையும் இங்கே வைத்துவிடுகிறேன். 1554 பிப்ரவரியில் லிஸ்பனில் ஒரு சிறு நூல் அச்சாயிற்று. தமிழை ரோமன் எழுத்தில் தந்து, கூடவே போர்த்துக்கீசியமும் சேர்த்த மறைக்கல்வி நூல். அதை உருவாக்கியவர்களாக அதில் மூன்று பெயர்கள் உள்ளன: விசேந்தே தெ நசரேத், ஜோர்ஜ் கர்வாலியோ, தோமா தா குரூஸ். பெயரெல்லாம் போர்த்துக்கீசியம், ஆள்கள் இந்தியர்கள், தமிழ் தெரிந்தவர்கள். வெளிநாட்டில் மொழி கற்ற நம்மவர் வரலாற்றை எழுதப் புகுகிறவர்கள் விவேகானந்தரின் சிகாகோவிலிருந்தோ, பாரிஸ்டர் படிக்கக் கப்பலேறியவர்களிடமிருந்தோ தொடங்குகிறார்கள். அதற்கு முந்நூறு ஆண்டுக்கு முன்பே லிஸ்பன் அச்சகத்தில் பிழைதிருத்திக் கொண்டிருந்த மூவரை ஏன் யாரும் கணக்கில் எடுப்பதில்லை?

2.

அந்த லிஸ்பன் நூலைத் தமிழுலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தவர் சேவியர் தனிநாயகம் அடிகள். அயல்மொழி தாய்மொழியைப் பற்றிய கேள்வியையும் எழுப்பும் என்ற என் இரண்டாவது கருத்துக்கு அவரே சான்று. அவரை இங்கே, இந்த ஊரில் வைத்துப் பேசுவதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி உண்டு.

1913-இல் யாழ்ப்பாணத்து ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பொன்னில் பிறந்தவர். பள்ளிப் படிப்பு ஆங்கிலத்தில். குருமடப் படிப்பு லத்தீனில். 1934-இல் ரோமாபுரி போனார். அங்கே ஐந்தாண்டு. இத்தாலிய மொழி பேச்சாயிற்று. ஆய்வுப்பட்டம் பெற்றது பழைய கார்த்தேஜ் நகரத்துக் குருமார் பற்றிய ஆய்வுக்கு. அங்கிருந்த தமிழ் மாணவர்களோடு சேர்ந்து வீரமாமுனிவர் பெயரில் ஒரு கழகமும் நடத்தினார். 1940-இல் நெல்லை மாவட்டத்து வடக்கன்குளத்தில் பள்ளி ஆசிரியப் பணிக்கு வந்தபோது, அவருக்கு ஐரோப்பிய மொழிகள் பல தெரியும். தமிழ் இலக்கியம் தெரியாது.

வடக்கன்குளத்தில் ஒரு பண்டிதரிடம் தமிழ் படிக்கத் தொடங்கினார். பிறகு 1945-இல், 32 வயதில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் முதுகலை மாணவராகச் சேர்ந்தார். ரோமாபுரியில் முனைவர் பட்டம் வாங்கிய ஒரு குருவானவர், இருபது வயதுப் பையன்களோடு ஒரே பெஞ்சில். கடல் கடந்து படிக்க வந்த மாணவர்தான் அவரும். ஈழத்துக்கும் சிதம்பரத்துக்கும் இந்தப் போக்குவரத்து புதிதன்று: ஆறுமுக நாவலர் 1864-இல் இங்கே பள்ளி நிறுவினார், இந்தப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரே மட்டக்களப்பு மண்ணிலிருந்து வந்த விபுலானந்த அடிகள்தாம்.

தனிநாயகம் அடிகள் இங்கே கொண்டுவந்த கேள்வி என்ன? கிரேக்க, லத்தீன் கவிதைகளில் இயற்கையைப் படித்தவர் அவர். சங்கப் பாட்டில் மலையும் கடலும் வேறு விதமாக வேலை செய்வதைக் கண்டார். ஏன் அப்படி? அதுவே அவருடைய எம்.லிட். ஆய்வாயிற்று, பிறகு பழந்தமிழ்க் கவிதையில் இயற்கை என்ற ஆங்கில நூலாக விரிந்தது, 1966-இல் 'நிலக்காட்சியும் கவிதையும்' என்று பொருள்படும் தலைப்பில் மறுபதிப்புக் கண்டது. ரோமாபுரியில் கற்ற மொழிகள் அவரைத் தமிழிலிருந்து அப்புறப்படுத்தியதாக ஒரு காலத்தில் யாராவது குறைசொல்லியிருக்கக்கூடும். அந்த மொழிகள் இல்லாமல் அந்தக் கேள்வியே அவருக்குத் தோன்றியிருக்காது.

இதற்குப் பிறகு நடந்ததைத்தான் மாணவர்கள் கவனிக்க வேண்டும். 1949 தொடங்கி ஜப்பான், வட அமெரிக்கா, தென்னமெரிக்கா, ஐரோப்பா என்று தமிழைப் பற்றிச் சொற்பொழிவாற்றிக்கொண்டே சுற்றினார். ஸ்பானியமும் போர்த்துக்கீசியமும் அறிந்திருந்ததால் தென்னமெரிக்காவில் அவருக்கு நடுவில் ஆள் வேண்டியிருக்கவில்லை. அப்பயணங்களின் சுவையை 'ஒன்றே உலகம்' நூலில் காணலாம். இன்றைய பயணக் கட்டுரைகளில் நிறைந்து வழியும் உணவகப் புராணம் அதில் இல்லை. 1954-இல் லிஸ்பனிலும் வத்திக்கானிலும் நூலகம் நூலகமாகப் புகுந்தார். அன்தாவ் தெ ப்ரொயென்சாவின் தமிழ்–போர்த்துக்கீசிய அகராதி 1679-இல் அம்பலக்காட்டில் அச்சானது. 16,000-க்கும் மேற்பட்ட சொற்கள். வத்திக்கான் நூலகத்திலிருந்த அதன் படியை 1966-இல் கோலாலம்பூரில் மறுபதிப்பாக வெளியிட்டார். அதே ஆண்டு, அதே ஊரில்தான் முதல் உலகத் தமிழ் மாநாடு நடந்தது.

ஸ்பானியம் கற்கிற ஒரு தமிழ் மாணவருக்கு இவரைவிடப் பெரிய முன்னோடி நான் அறிந்தவரை இல்லை. ஆனால் மொழி வகுப்புகளின் சுவரில் செர்வாந்தெஸ் படம் தொங்குகிறது. தனிநாயகம் அடிகள் படம் எங்கும் தொங்கிப் பார்த்ததில்லை.

3.

பழைய கதை போதும், இன்றைய மாணவருக்கு என்ன என்று முன்வரிசையில் சிலர் முகத்தில் தெரிகிறது. சொல்கிறேன்.

எனக்குத் தெரிந்த ஒரு பெண். பெயர் சொல்ல மாட்டேன், அவர் விரும்பமாட்டார். கடலூர் பக்கத்துக் கடற்கரை ஊர். அப்பா கடலுக்குப் போகிறவர். பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியல் படித்தார். பிறகு ஸ்பெயினின் வடமேற்கு மூலையில், கலீசியா மாநிலத்து வீகோ நகரத்துக்கு மேற்படிப்புக்குப் போனார். வீகோ ஐரோப்பாவின் பெரிய மீன்பிடித் துறைமுகங்களில் ஒன்று.

முதல் சில மாதம் எல்லாருக்கும் நடப்பதுதான் அவருக்கும் நடந்தது. மதியச் சாப்பாடு இரண்டு மணிக்கு மேல், இராச் சாப்பாடு ஒன்பதுக்கு மேல். பசி வேறு நேரத்திலும் சோறு வேறு நேரத்திலும் வந்தன. பிற்பகலில் கடை சாத்தியிருக்கும். ஓயாத மழை. வகுப்பில் கற்ற ஸ்பானியம் ஒன்று. பேருந்தில் காதில் விழுந்தது இன்னொன்று. போதாததற்குக் கலீசியாவுக்குச் சொந்த மொழி ஒன்று உண்டு. அது போர்த்துக்கீசியத்துக்கு நெருக்கமானது. துறைமுகத்து முதியவர்கள் அதில்தான் பேசுவார்கள். அவரோடு வந்த இந்திய மாணவர்கள் ஒரே வீட்டை எடுத்து, சோறு வடித்து, ஆங்கிலத்தில் பேசிக்கொண்டு, ஊரைப் போலவே இருந்துகொண்டார்கள். அதைக் குறை சொல்ல மாட்டேன். அயல்நாட்டில் முதல் குளிர்காலம் கடுமையானது. ஆனால் மொழி அந்த வீட்டுக்குள் வருவதில்லை.

இந்தப் பெண் வெளியே வந்ததற்குக் காரணம் அவர் அப்பா கேட்டனுப்பிய ஒரு விஷயம். "அங்க சுருக்குமடிய எப்படி வுடறாங்கன்னு பாத்துட்டு வாம்மா" என்று சொல்லியிருக்கிறார். கடலூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: மத்தி, கவலை போன்ற கூட்ட மீன்களை வளைத்துப் பிடிக்கும் பெரிய வலை அது. தமிழ்நாட்டில் 2000-இலேயே தடை செய்யப்பட்டது. தேவனாம்பட்டினம் உள்ளிட்ட ஊர்களில் அதை வேண்டுவோரும், சிறு வலைக்காரர் பிழைப்பு போகும் என்று எதிர்ப்போரும் ஆண்டுக்கணக்கில் மோதினார்கள். 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், கரையிலிருந்து 12 கடல் மைலுக்கு அப்பால், வாரத்தில் இரண்டு நாள் மட்டும், நேரக் கட்டுப்பாட்டோடு இடைக்கால அனுமதி தந்தது. கலீசியாவில் அதே வகை வலை சட்டப்படி நடக்கிற தொழில். படகுக்கு இவ்வளவு, மீனுக்கு இவ்வளவு என்று ஒதுக்கீடு உண்டு. மீனவர் சபைகள் உண்டு, நூற்றாண்டுகள் பழையவை. நம் மீனவக் கிராமப் பஞ்சாயத்தை அறிந்தவர்களுக்கு அவற்றின் நடைமுறை அந்நியமாகத் தோன்றாது.

எனவே இவர் விடியற்காலை ஏலக்கூடத்துக்குப் போகத் தொடங்கினார். கடலூர்த் துறைமுகத்தில் விலை கீழிருந்து ஏறும். ஏலம் விடுகிறவர் குரல் ஏற ஏற விலையும் ஏறும். அங்கே மேலிருந்து இறங்குகிறது. முதலில் நிறுத்துகிறவருக்கு மீன். எண்களைத் தப்பில்லாமல் பிடிக்க வேண்டிய இடம் அதைவிட வேறில்லை. மீன் பெயர்களை, வலையின் உறுப்புகளை, திட்டுவதை, சிரிப்பதை எல்லாம் அங்கேதான் கற்றார். நம் கரையில் பேய்க்கணவாய் என்று ஒதுக்குவதை அங்கே திருவிழாப் பண்டமாக, மிளகாய்த்தூளும் எண்ணெயும் தூவித் தின்கிறார்கள் என்று வீட்டுக்குச் சொன்னபோது அம்மா நம்பவில்லையாம். விடுமுறையில் கரையோரப் பேருந்தில் ஊர் ஊராகப் போனார். கழிமுகங்களில் யூகலிப்டஸ் மரச் சட்டங்களில் கயிறு தொங்கவிட்டுச் சிப்பி வளர்க்கும் மிதவைகள், கலீசியாவில் மூவாயிரத்துக்கும் மேல் உள்ளன, அவற்றின் மேல் ஏறி நின்று கேள்வி கேட்டார். மின்ஹோ ஆற்றைத் தாண்டினால் போர்த்துகல். அங்கும் போனார்.

இதில் ஒரு திருப்பம் இருக்கிறது. அவருக்கு ஒரு முதியவர் சொல்லித்தான் தெரிந்தது: அங்கும் 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில், வளைத்துப் பிடிக்கும் புதிய வலை வந்தபோது, பழைய செவுள்வலைக்காரர்கள் எதிர்த்து நின்று பெரும் கலவரம் நடந்திருக்கிறது. கடலூரில் நாம் பார்த்த சண்டை, நூறாண்டுக்கு முன்பே அந்தக் கரையில். அந்தக் காலத்துச் செய்தித்தாள்களையும் மனுக்களையும் படிக்க அவருக்கு வகுப்பறை ஸ்பானியம் போதவில்லை. மேலும் படித்தார், கலீசியத்தையும் தொட்டார். அவர் எழுதிய மொழித் தேர்வில் என்ன படிநிலை கிடைத்தது என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை.

4.

இது சிறிய கருத்து. ஆனால் மொழியாசிரியர்களிடம் சண்டை போடுவதற்குரியது. நம் மாணவர்கள் ஸ்பானியத்தை ஆங்கிலத்தின் வழியாகக் கற்கிறார்கள். அந்தப் பாடநூல்கள் ஆங்கிலேயருக்காகவும் அமெரிக்கருக்காகவும் எழுதப்பட்டவை. அவர்களுக்கு எது விந்தையோ அதைப் பக்கம் பக்கமாக விளக்குகின்றன. 'மெ குஸ்தா' என்ற அமைப்பைப் புரியவைக்க ஒரு முழுப் பாடம். 'எனக்குப் பிடிக்கும்' என்று பேசுகிறவனுக்கு அதில் விளக்க என்ன இருக்கிறது? வினைச்சொல்லின் ஈற்றிலேயே ஆள் தெரிவதால் 'நான்', 'நீ' என்று தனியே சொல்ல வேண்டாம் என்பது இன்னொரு பாடம். 'வந்தேன்', 'வந்தாய்' என்பவனுக்கு அதுவும் பழக்கமே. 'தூ', 'உஸ்தெத்' என்ற இருவகை முன்னிலையை நீ, நீங்கள் தெரிந்த குழந்தை ஐந்து நிமிடத்தில் பிடித்துவிடும். இரண்டு உயிர்களுக்கு நடுவே வல்லொலி மென்மையாவதும் நம் நாவுக்குப் புதிதன்று.

நமக்குக் கடினமானவை வேறு. மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால் என்பது அஃறிணையில் பால் ஆணா பெண்ணா என்று பார்க்காத நமக்குப் பெருந்தொல்லை. 'இரு' என்பதற்கு இரண்டு வினைகள் இருப்பதும் அப்படியே. இவற்றுக்கு ஆங்கில நூலில் நமக்கேற்ற விளக்கம் கிடையாது.

1960-களில் இதே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில், வெளிநாட்டார் பேச்சுத் தமிழ் கற்பதற்கென்று மு. சண்முகம் பிள்ளை பாடநூல் எழுதினார். எழுத்துத் தமிழோடு வந்து தெற்கு வீதிக் கடையில் ஒன்றும் புரியாமல் நின்றவர்களின் இடர்ப்பாட்டை உணர்ந்து எழுதிய நூல் அது. தெ.பொ.மீ. போன்றோர் வளர்த்த மொழியியல் துறையின் மரபு அது. அந்த மரபு இருக்கிற இடத்தில் தமிழ்வழி ஸ்பானிய இலக்கணம் ஒன்று எழுதுவது மலையைப் புரட்டுகிற வேலையல்ல.

5.

முதலில் வாக்களித்த காரணத்துக்கு வருகிறேன்.

கடலூரின் அயல்நாட்டுத் தொடர்பு என்றால் 1690-இல் ஆங்கிலேயர் கோட்டையை விலைக்கு வாங்கியது, பீரங்கி சுட்டுக் குண்டு விழுந்த தூரம்வரை எல்லை குறித்தது, 1746-இல் சென்னை பிரெஞ்சுக்காரரிடம் போனபின் புனித டேவிட் கோட்டையே தலைமையிடமானது என்று சொல்லத் தொடங்குவோம். ஆங்கிலம் படிக்கத் தெரிந்ததால் ஆங்கிலேயர் எழுதிவைத்தது தெரிகிறது. அதற்கு முந்திய நூற்றாண்டு?

1597-இல் பிமெந்தா என்ற போர்த்துக்கீசிய இயேசு சபைக் குரு சிதம்பரத்துக்கு வந்தார். செஞ்சி கிருஷ்ணப்ப நாயக்கர் அப்போது இங்கே இருந்தார். கோயிலுக்குள் கோவிந்தராசர் சன்னதித் திருப்பணியை நாயக்கர் மேற்கொள்ள, அதை எதிர்த்துக் கோயிலார் கோபுரத்தில் ஏறிக் குதித்து உயிர்விட்டதைப் பிமெந்தா எழுதியிருக்கிறார். நாயக்கர் வெள்ளாற்று முகத்துவாரத்தில் ஒரு புது நகரம் எழுப்பிக்கொண்டிருந்ததையும் குறித்திருக்கிறார். அதைப் பரங்கிப்பேட்டையோடு பொருத்திப் பார்ப்பார்கள் ஆய்வாளர்கள். தில்லையின் வரலாற்றில் இவ்வளவு பெரிய நிகழ்ச்சிக்கு நேரடிச் சாட்சியாக நமக்குக் கிடைப்பது, ஓர் அயலாரின் கடிதம்.

அக்கடிதங்களை நம் வரலாற்றுக்குள் கொண்டுவந்தவரும் அயலாரே. என்றிக்கே ஹெராஸ், 1888-இல் கத்தலோனியாவில் பிறந்த ஸ்பானியர். 1922-இல் பம்பாய் புனித சேவியர் கல்லூரிக்கு வந்தார். இயேசு சபையினரின் கடிதங்களைத் துருவி 1927-இல் விசயநகரத்து ஆரவீட்டு மரபைப் பற்றி எழுதினார். பின்னாளில் சிந்துவெளி எழுத்தைத் திராவிடமாக வாசித்தார். அந்த வாசிப்பை இன்று அறிஞர்கள் ஏற்பதில்லை, ஆனால் கேள்வியை முன்னெடுத்தவர்களில் அவர் ஒருவர். பார்சலோனா பக்கத்திலிருந்து புறப்பட்ட ஒருவர் தில்லைக் கோபுரத்துச் செய்தியைத் தேடி எடுத்திருக்கிறார். தில்லையிலிருந்து இன்னும் யாரும் அதைத் தேடி அந்தப் பக்கம் போகவில்லை என்றால் எனக்கு அது உறுத்துகிறது.

1580 முதல் 1640 வரை போர்த்துகலும் ஸ்பெயினும் ஒரே மன்னர் கீழ் இருந்தன. ஆகவே இக்கரையைப் பற்றிய தாள்களைத் தேடுகிறவர் லிஸ்பனின் தோரே தோ தொம்போ ஆவணக் களரியோடு நிற்க முடியாது. ஸ்பெயினின் சிமாங்காஸ் ஆவணக் காப்பகத்துக்கும் போக வேண்டும். சோழமண்டலக் கரைத் துணி கப்பலேறி மணிலாவுக்குப் போய், அங்கிருந்து மெக்சிகோவரை போயிற்று; மாற்றாக ஸ்பானிய வெள்ளி வந்தது. மணிலா நிர்வாகத்தின் தாள்கள் செவில் நகரில் 1785-இல் நிறுவிய இந்தியத் தீவுகள் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. பரங்கிப்பேட்டை மரைக்காயர் குடும்பங்களில் பழைய கப்பல் கதைகளைக் கேட்டு வளர்ந்த மாணவர்கள் இந்த அவையிலேயே இருக்கக்கூடும். அவர்களுக்கு செவில் போவதற்கு இதைவிட நல்ல காரணம் யாரும் தரமுடியாது.

அறக்கட்டளைக் குழுவினரிடம் இறுதியாக ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் ஒரு மாணவரையாவது அயல்நாட்டுக்கு அனுப்பத் திட்டமிடுவதாகச் சொன்னீர்கள். விண்ணப்பப் படிவத்தில் மதிப்பெண்ணுக்கும் மொழிச் சான்றிதழுக்கும் கட்டம் போட்டிருக்கிறீர்கள். அவற்றுக்கு மேலே ஒரு பெரிய கட்டம் விடுங்கள்: என்ன கேள்வியோடு போகிறீர்கள் என்று கேட்டு, ஒரு பக்கம் தமிழில் எழுதச் சொல்லுங்கள். தேர்வுக் குழுவில் பேராசிரியர்களோடு ஒரு மீனவப் பஞ்சாயத்தாரையும், பரங்கிப்பேட்டை வணிகர் ஒருவரையும் உட்கார வையுங்கள். போய்வந்தவர் திரும்பியதும் இதே மேடையில், தான் கண்ட தாள்களையோ வலைகளையோ பற்றித் தமிழில் ஒரு மணி நேரம் பேசவேண்டும் என்பதை நிபந்தனையாக வையுங்கள். அப்போது அழைப்பிதழில் பேசுகிறவர் இடத்தில் அந்த மாணவரின் பெயர் அச்சாகட்டும். நான் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்க வருகிறேன்.